விகிதாசாரம் வந்து முப்பது வருடம் தாண்டியும் இலங்கைப் பாராளுமன்றத்தில் பெண்களின் எண்ணிக்கை ஏன் கூடவில்லை?

கரும்பலகை, வவுனியா:

வணக்கம். உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், 14 வருடமாக. தேர்தல் முறைகள் பாடம் வந்தால் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தின் (கட்சி எடுத்த வாக்கு வீதத்துக்கு ஏற்ப ஆசனம்) நன்மைகள் என்று ஐந்து வரி பலகையில் எழுதுவேன். நான்காவது வரி, "பெண்கள் தெரிவாகும் வாய்ப்புக் கூடும்." பிள்ளைகள் கொப்பியில் இறக்குவார்கள், பரீட்சையில் திருப்பி எழுதுவார்கள், புள்ளி கிடைக்கும். இத்தனை வருடமாக அந்த வரி எவருக்கும் இடைஞ்சல் கொடுத்ததில்லை.

போன செவ்வாய் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை ஒன்று எழும்பியது. "ரீச்சர், 1960ல உலகத்திலயே முதல் பெண் பிரதமர் எங்கட நாட்டிலதானே வந்தவ? அப்ப தொகுதி முறை. இப்ப விகிதாசாரம். 2020ல 225 பேரில 12 பேர்தான் பெண்கள். அப்ப நாலாவது வரி பிழையா?"

மணி அடித்தது. உண்மையாகவே அடித்தது, நான் தப்பித்தேன். ஆனால் வரும் வெள்ளிக்கிழமை அதே வகுப்பு எனக்கு இருக்கிறது.

வீட்டில் வந்து எண்ணிப் பார்த்தேன். 2010ல் 13 பேர், 2015ல் 13 பேர், 2020ல் 12 பேர். 2024ல் இருபதைத் தாண்டியது. அப்போதும் பத்து சதவீதத்தைத் தொடவில்லை. 1989இலிருந்து எல்லாப் பொதுத்தேர்தலும் விகிதாசாரத்தில்தான் நடந்திருக்கிறது. ஜனாதிபதி முறை ஏதும் காரணமா? அல்லது புத்தகத்து வரியே பிழையா?

"எங்கட கலாசாரம் அப்படி" என்ற பதிலை மட்டும் தயவுசெய்து தர வேண்டாம். சிறிமாவோவுக்கும் சந்திரிகாவுக்கும் வாக்குப் போட்டதும் இதே கலாசாரம்தான்.

மதுரைக்காரன்:

டீச்சர், உங்கள் பிள்ளைக்கு ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுங்கள்.

இந்தியாவில் விகிதாசாரமே கிடையாது. ஒரு தொகுதி, ஒரு ஆள், யார் முந்துகிறாரோ அவர். 2024 மக்களவையில் 543க்கு 74 பெண்கள், அதற்கு முந்தைய தடவை 78. ஒரு கட்சி ஒரு தொகுதிக்கு ஒருவரைத்தான் நிறுத்த முடியும், அந்த ஒருவரை "ஜெயிக்கிற ஆள்" என்று தேடும்போது பார்வை ஆண்கள் பக்கமே போகிறது.

இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2024ல் நாம் தமிழர் கட்சி தமிழ்நாடு, புதுச்சேரி சேர்த்து 40 இடத்திலும் போட்டியிட்டு, அதில் 20 பேரைப் பெண்களாக நிறுத்தியது. அந்தக் கட்சியைப் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு கதை. தமிழ்நாட்டில் எட்டு சதவீதத்துக்கு மேல் வாக்கு, ஒரு சீட்டும் இல்லை. அதே வாக்கு விகிதாசாரத்தில் விழுந்திருந்தால் 39ல் மூன்று சீட்டாவது வந்திருக்கும், அதில் ஒரு பெண்ணாவது உள்ளே போயிருப்பார். அதனால் உங்கள் நான்காவது வரி முழுப்பொய் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டுச் சட்டம் 2023ல் நிறைவேறியது. 1996ல் முதன்முதலாக மசோதா வந்தது, 27 வருடம் கழித்துச் சட்டம். அதையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை என்று இரண்டு கொக்கியில் மாட்டித்தான் நிறைவேற்றினார்கள்.

கணக்குப்பிள்ளை:

ஜனாதிபதி முறைக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். ருவாண்டாவில் ஜனாதிபதி ஆட்சி; 2008இலிருந்து கீழவையில் பாதிக்கு மேல் பெண்கள். அங்கே 80ல் 24 ஆசனம் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது, மீதியில் பெரும்பங்கு கட்சிப் பட்டியல். அங்கே எதிர்க்கட்சிக்கு எவ்வளவு மூச்சுவிட இடம் இருக்கிறது என்பது தனி விவாதம். இந்தியாவில் பிரதமர் ஆட்சி. மதுரைக்காரர் எண்ணைச் சொல்லிவிட்டார். மேலே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை விட, வாக்காளர் கையில் என்ன சீட்டுக் கொடுக்கிறார்கள் என்பதுதான் எண்ணிக்கையை அதிகம் ஆட்டுகிறது.

இதற்கு நேபாளத்தைப் போல நல்ல உதாரணம் கிடைக்காது. அங்கே கீழவை 275 பேர். வாக்காளருக்கு ஒரே நாளில் இரண்டு சீட்டு. ஒன்றில் தொகுதி வேட்பாளர், அப்படி 165 பேர். மற்றதில் கட்சி மட்டும், அப்படி 110 பேர். 2017ல் 165 தொகுதியில் வென்ற பெண்கள் 6 பேர். 110 பட்டியல் ஆசனத்தில் பெண்கள் 84 பேர். அதே நாடு, அதே தேர்தல், அதே வாக்காளர். ரீச்சர் சொன்னது சரி, கலாசாரத்தை வைத்து இதை விளக்க முடியாது. 1999ல் வெறும் தொகுதி முறை இருந்தபோது 205 பேரில் 12 பெண்கள்தான் இருந்தார்கள்.

84 எப்படி வந்தது? கட்சிகளுக்குத் திடீரென்று ஞானம் பிறக்கவில்லை. ஒவ்வொரு கட்சிக்கும் சமஷ்டிப் பாராளுமன்றத்தில் கிடைக்கும் மொத்த உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்று 2015 அரசியலமைப்பு சொல்கிறது. தொகுதியெல்லாம் ஆண்களுக்குக் கொடுத்துவிட்டு, குறையைப் பட்டியலில் நிரப்பினார்கள்.

இப்போது இலங்கைக்கு வருவோம். நேபாளத்துப் பட்டியல் மூடியது, பெயரைத் தீர்மானிப்பது கட்சி. நம்முடையது திறந்தது. கட்சிக்குப் புள்ளடி போட்டுவிட்டு, அதே சீட்டில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்கு. மாவட்டத்தில் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதை மட்டும் விகிதாசாரம் தீர்மானிக்கிறது. அந்த ஆசனத்தில் யார் என்பதைத் தீர்மானிப்பது விருப்பு வாக்கு. அதாவது கட்சிகளுக்கு இடையில் விகிதாசாரம், கட்சிக்கு உள்ளே பழைய குத்துச்சண்டை. உங்கள் நான்காவது வரி மூடிய பட்டியலைப் பார்த்து எழுதப்பட்டது, ரீச்சர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பழைய முறையைப் பெரிதாகப் புகழ வேண்டாம். 1931ல் அரசாங்க சபைக்கு (சுதந்திரத்துக்கு முந்தைய சட்டசபை) வந்த முதல் பெண் அட்லின் மொலமுரே, தகப்பன் இறந்த இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் ருவன்வெல்லவில் வென்றவர். அடுத்த வருடம் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து. கணவரின் தெரிவு செல்லாது என்று ஆன பிறகு அந்த இடத்துக்கு நின்றவர். சிறிமாவோ 1960ல் பிரதமரானபோது மக்கள் சபையில் உறுப்பினரே இல்லை, மேலவையான செனட் வழியாகத்தான் வந்தார். அந்தக் காலத்தில் பல பெண்களுக்குத் திறந்த வாசல் இடைத்தேர்தலும் செனட்டும்தான். செனட்டை 1971ல் ஒழித்தார்கள். விகிதாசாரம் வந்த பிறகு இடைத்தேர்தலும் போய்விட்டது. ஆசனம் காலியானால் அதே பட்டியலில் அடுத்த விருப்பு வாக்கு எடுத்தவர் வருவார். குடும்பப் பெயரில் வருபவர்களும் இனி முழு மாவட்டத்திலும் நின்று வெல்ல வேண்டும். 2010ல் யாழ்ப்பாணத்தில், முன்னாள் உறுப்பினர் மகேஸ்வரனின் மனைவி விஜயகலா மகேஸ்வரன் அப்படித்தான் வந்தார்.

வட்டாரமில்லாதவள்:

நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். வன்னியில் ஒரு பிரதேச சபையில் 2018இலிருந்து 2023 மார்ச் வரை உறுப்பினராக இருந்தேன். எந்தச் சபை, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறேன்.

உள்ளூராட்சியில் 25 சதவீதம் பெண்கள் என்று சட்டம் வந்து, அதன்படி நடந்த முதல் தேர்தல் அது. வட்டார வேட்புமனுவில் பத்து சதவீதம், இரண்டாம் பட்டியலில் (வட்டாரத்தில் நிற்காதவர்கள், கட்சியின் வாக்குக்கு ஏற்பக் கிடைக்கும் மேலதிக ஆசனங்களுக்கு) பாதி பெண்கள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேட்புமனுவைத் தள்ளிவிடுவார்கள். அதனால் கடைசி வாரத்தில் பெண் தேடி ஓடினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் மாதர் சங்கக் கொப்பியைப் பார்த்து வந்தவர். "வெல்லத் தேவையில்லை அக்கா, பேரையும் அடையாள அட்டைக் கொப்பியையும் மட்டும் தாங்கோ" என்றார். நான் தையல் மெஷினில் இருந்தேன். கையில் ஊசி நூலோடுதான் கையெழுத்து வைத்தேன்.

தேர்தல் முடிந்து கட்சிக்கு மேலதிக ஆசனங்கள் கிடைத்தன. அவற்றில் பெண் ஆசனத்துக்கு இரண்டு பெயரைப் பேசினார்கள். மற்றவர் ஒரு அமைப்பாளரின் உறவு. அவருக்கு அரச உத்தியோகம் கிடைக்கும்போல் இருந்ததால் விட்டுவிட்டார், நான் உள்ளே போனேன். இதுதான் என் தேர்தல் வெற்றி.

முதல் கூட்டத்தில் தெருவிளக்குப் பகிர்ந்தார்கள். வட்டார உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆறு. என் முறை வந்ததும் தவிசாளர், "உங்களுக்கு வட்டாரம் இல்லையே அக்கா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். எங்களைப் போனஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே என் பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

ஆனால் சபையில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. பாதீட்டு வாக்கெடுப்பு வந்த நாளில் மட்டும் எனக்கு வட்டாரம் இல்லாதது எவருக்கும் ஞாபகம் வரவில்லை. காலையில் இருந்து மூன்று பேர் தொலைபேசி எடுத்தார்கள். நான் நான்கு விளக்குக் கேட்டேன், பாடசாலைப் பின்பக்க ஒழுங்கைக்கு. கிடைத்தது. இன்றைக்கும் எரிகிறது, ஒன்றைத் தவிர. அதனால் "ஒதுக்கீட்டில் வந்தவளுக்கு மதிப்பில்லை" என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். மதிப்புத் தரவில்லை என்பது உண்மை. வாக்கு வாக்குத்தான்.

சரி, பாராளுமன்றக் கதைக்கு வருகிறேன். 2020ல் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு அக்கா பாராளுமன்றத்துக்குக் கேட்டார், நான் அவரோடு திரிந்தேன். வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும். ஆசனம் ஆறு, ஒரு கட்சி ஒன்பது பேரைப் போடும். மன்னார்க் கரையில் காலை, முல்லைத்தீவுக் கரையில் பின்னேரம். சொந்த வாகனம் இல்லாதவருக்கு அது ஒரு நாள் வாடகை. கூட்டம் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும், ஆண்கள் அங்கேயே படுத்து எழும்புவார்கள். நாங்கள் பத்துக்கே வீட்டுப் பக்கம் பார்ப்போம். கொரோனாவால் தேர்தல் இரண்டு தடவை தள்ளிப்போய் ஓகஸ்ட் 5ல் நடந்தது. அக்காவின் கையிலிருந்த காசு ஏப்ரலோடு முடிந்துவிட்டது.

எங்கள் சுவரொட்டிக்கு மேல் ஒட்டியது எதிர்க்கட்சி என்று நினைப்பீர்கள். எங்கள் கட்சிக்காரர்தான். எதிர்க்கட்சிக்காரன் அவரின் ஆசனத்தைப் பறிக்கப் போவதில்லை, பட்டியலில் பக்கத்து ஆள்தான் பறிப்பான். இன்னொரு விஷயம், விருப்பு வாக்கு மூன்று என்பதால் ஆண்கள் மூன்று பேராகக் கூட்டுச் சேர்ந்து ஒரே துண்டில் மூன்று இலக்கத்தையும் அச்சடித்துக் கொடுப்பார்கள். அக்காவை எந்தக் கூட்டிலும் சேர்க்கவில்லை. வீடு வீடாகப் போனால் சனம் நல்லபடியாகப் பேசும், தேத்தண்ணி தரும். பிறகு மேசையில் இருக்கும் துண்டைக் காட்டி, "மூன்று இலக்கமும் ஏற்கனவே சொல்லிப்போட்டினம் பிள்ளை" என்பார்கள். பெண்ணுக்கு வாக்குப் போடமாட்டோம் என்று ஒருவர்கூட எங்கள் முகத்துக்குச் சொல்லவில்லை. இடம்தான் நிரம்பியிருந்தது.

நடுநிலையான்:

எல்லாம் சரி. ஆனால் மூடிய பட்டியல் வந்தால் தலைவரின் மனைவி, மகள், மருமகள் வருவார்கள். அதைவிட விருப்பு வாக்கு மேல். மக்களாவது தெரிவு செய்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:

நியாயமான பயம். நேபாளத்திலும் இதே முறைப்பாடு உண்டு. ஆனால் விருப்பு வாக்கு குடும்பங்களைத் தடுத்ததா? நம் பாராளுமன்றத்தின் குடும்பப் பெயர்களை எண்ண ஒரு கை போதாது, அதில் பெரும்பான்மை ஆண்கள்.

முழு முறையையும் மாற்றாமலே ஒரு கணக்குப் பாருங்கள். 225ல் 196 மாவட்ட ஆசனம், 29 தேசியப் பட்டியல், அதாவது நாடு முழுவதும் கட்சி எடுத்த வாக்குக்கு ஏற்பக் கிடைப்பவை. அந்த 29 மூடிய பட்டியல்தான், விருப்பு வாக்குத் தொல்லை கிடையாது. கட்சிகள் அதில் பாதியைப் பெண்களுக்குக் கொடுத்திருந்தால் 14 பேர். 2020ல் முழுப் பாராளுமன்றத்திலும் இருந்த பெண்கள் 12. கையில் சாவி இருந்தும் திறக்கவில்லை. மாவட்டத்தில் தோற்ற வேட்பாளரையும் தேசியப் பட்டியலில் போட அரசியலமைப்பு இடம் கொடுக்கிறது, அதனால் அது தோற்ற பெரியவர்களுக்கு ஆறுதல் பரிசாகிவிட்டது. 2024ல் தேசிய மக்கள் சக்திக்கு 18 தேசியப் பட்டியல் ஆசனம் கிடைத்தது. மாற்றம் பேசிய கட்சி. அதிலும் போனது பெரும்பாலும் ஆண்களே.

நன்றாகப் பயன்பட்ட தடவைகளும் உண்டு. 2015ல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, போரில் ஒரு காலை இழந்த சாந்தி ஸ்ரீஸ்கந்தராசாவை அதன் வழியே அனுப்பியது. 2020ல் தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்ததே மூன்று ஆசனம், அதில் ஒன்று தேசியப் பட்டியல். அதை ஹரிணி அமரசூரியவுக்குக் கொடுத்தார்கள். நான்கு வருடத்தில் அவர் பிரதமர். 2024ல் கொழும்பில் அவருக்கு விழுந்த விருப்பு வாக்கு 655,289. நடுநிலையான் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில்: மூடிய வாசலால் வந்தவர் திறந்த வாசலில் அத்தனை பேர் விருப்பத்தையும் பெற்றார். முதல் தடவை உள்ளே போவதுதான் கஷ்டம்.

அதே தேர்தலில் மாத்தறையில் சரோஜா சாவித்திரி போல்ராஜ், பதுளையில் அம்பிகா சாமுவேல், நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வி என்று மூன்று தமிழ்ப் பெண்கள் விருப்பு வாக்கிலேயே வந்தார்கள். அந்தக் கட்சி தன் வேட்பாளர்களைத் தனித்தனியாக விருப்பு வாக்குக்கு ஓட விடுவதில்லை, துண்டும் கூட்டும் அங்கே குறைவு. வட்டாரமில்லாதவள் அக்கா சொன்ன சண்டையை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு சின்னச் சாட்சி. ஆனால் ஒரு அலையில் வந்ததை முறையின் வெற்றி என்று நான் எழுத மாட்டேன்.

மதுரைக்காரன்:

குறுக்கே வருகிறேன். பிரான்ஸில் 2000லேயே சமபாதிச் சட்டம் வந்ததே?

கணக்குப்பிள்ளை:

வந்தது. பட்டியல் முறையில் நடக்கும் நகரசபைகளில் நன்றாக வேலை செய்தது. தேசிய அவை தொகுதி முறை, அங்கே பாதிப் பெண்களை நிறுத்தாத கட்சிக்கு அரசு நிதியில் வெட்டு என்று மட்டும் வைத்தார்கள். பெரிய கட்சிகள் வெட்டைத் தாங்கிக்கொண்டு ஆண்களை நிறுத்தின. 2002ல் 577 பேரில் 71 பெண்கள். நியூசிலாந்து மறுபக்கம்: 1993ல் தொகுதி முறையில் 99ல் 21, 1996ல் தொகுதியோடு கட்சிப் பட்டியலும் சேர்ந்ததும் 120ல் 35.

வட்டாரமில்லாதவள்:

எனக்கும் கணக்குப்பிள்ளைக்கும் ஒரு இடத்தில் ஒத்துவரவில்லை. பட்டியலில் எத்தனை பெண் என்று மட்டும் சட்டம் சொன்னால் போதாது. யார் முதலாவது, யார் இரண்டாவது என்று வேட்புமனு நாளிலேயே எழுதி ஒட்ட வேண்டும். எங்கள் சபைத் தேர்தலில் பெயர் முதலில் கொடுத்தோம், ஆசனம் கிடைத்த பிறகுதான் யாருக்கு என்று கூடிக் கதைத்தார்கள். அந்த இடைப்பட்ட ஒரு கிழமைதான் எல்லாக் கூத்தும். இரண்டு பெண்களையும் ஒருவருக்கொருவர் எதிரியாக்கிவிட்டுத்தான் முடிவு எடுத்தார்கள். நான் வென்ற பக்கத்தில் இருந்ததால் இதைச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். மற்றவர் இன்றைக்கும் கோயிலில் என்னோடு கதைப்பதில்லை.

சின்னக் கட்சிகளுக்கு இன்னொரு ஓட்டையும் இருந்தது. மூன்று உறுப்பினருக்குக் குறைவாகக் கிடைத்தால் பெண்ணைப் போடத் தேவையில்லை. எங்கள் சபையில் அப்படி இரண்டு கட்சி.

கரும்பலகை, வவுனியா:

எல்லோருக்கும் நன்றி. நான்காவது வரியை அழிக்கப் போவதில்லை. "பட்டியலின் வரிசையை யார், எப்போது தீர்மானிக்கிறார் என்பதைப் பொறுத்து" என்று பக்கத்தில் சேர்க்கப் போகிறேன். பரீட்சைத்தாள் திருத்துபவர் புள்ளி தருவாரோ தெரியாது.

வட்டாரமில்லாதவள் அக்கா, ஒரு கேள்வி, ஒரு கோரிக்கை. திரும்பவும் தேர்தல் கேட்பீர்களா? முடிந்தால் வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளைக்கு வகுப்புக்கு வர முடியுமா? அந்தப் பிள்ளையிடம் நீங்களே சொன்னால் நல்லது.

வட்டாரமில்லாதவள்:

வெள்ளி பத்து மணிக்கு ஒரு கலியாண பிளவுஸ் கொடுக்க வேண்டும். பதினொன்றுக்குப் பிறகு என்றால் வருவேன். மூன்று இலக்கம் எழுதுகிற மாதிரி வாக்குச்சீட்டுப் பேப்பர் முப்பது வெட்டி வையுங்கள் ரீச்சர், பிள்ளைகளையே ஒன்பது பேராக நிறுத்தி விளையாடிக் காட்டுகிறேன். ஆறு பொடியன், மூன்று பெட்டை. கூட்டுச் சேரச் சொல்லி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், தாங்களே சேருவார்கள்.

திரும்பக் கேட்பதா? வட்டாரத்தில் நிறுத்தினால் கேட்பேன். அந்த எரியாத விளக்கை மாற்ற வேண்டும்.